வட்டாரங்களை வென்றும் சபையை இழப்பது ஏன்? இலங்கை உள்ளூராட்சியும் விகிதாசாரப் பிரதிநிதித்துவமும்

இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து சபைகள் கூடும்போதெல்லாம் ஒரே முறைப்பாடு எழுகிறது. கட்சி வட்டாரங்களில் அமோகமாக வென்றிருக்கிறது. சபையில் அதற்குப் பெரும்பான்மை இல்லை. தவிசாளரைத் தெரிவுசெய்யப் பேரம் பேச வேண்டியிருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற மறுபடியும் பேரம். கலப்பு முறையில் முதல் தேர்தல் நடந்த 2018 பெப்ரவரியில் எழுந்த இந்தக் குரல், 2025 மே 6 தேர்தலுக்குப் பின்னரும் ஓயவில்லை. வென்ற கட்சி மாறினாலும் முறைப்பாடு மாறுவதில்லை. சொல்லப்படும் தீர்வும் ஒன்றுதான்: விகிதாசாரப் பங்கைக் குறையுங்கள், முடிந்தால் அடியோடு நீக்கிவிட்டு வட்டார முறைக்கே திரும்புங்கள். சபைகள் தடுமாறுவது உண்மைதான். ஆனால் பழி விகிதாசாரத்தின் மீது விழுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆசனங்களை விகிதாசாரமாகப் பங்கிட்ட சட்டம், நிர்வாக அதிகாரத்தை மட்டும் தவிசாளர் ஒருவரிடமே முழுதாக விட்டுவைத்தது. பட்டியல் ஆசனங்களைக் கட்சிச் செயலாளர்களின் விருப்பத்துக்கு ஒப்படைத்தது. கோளாறு இந்த இரண்டு இடங்களில் இருக்கிறது.

எதிலிருந்து எதற்கு மாறினோம் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1991 முதல் 2011 வரை நடந்த உள்ளூராட்சித் தேர்தல்களில் சபை எல்லை முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தது. வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அக்கட்சியின் வேட்பாளர் மூவருக்கு விருப்பு வாக்கும் இடலாம். கட்சிகளுக்கிடையே ஆசனம் நியாயமாகவே பிரிந்தது. சண்டை கட்சிக்குள் நடந்தது. ஒரே சின்னத்தில் நின்றவர்கள் ஒருவர் சுவரொட்டியை மற்றவர் கிழித்தார்கள். முழுச் சபை எல்லையிலும் பிரசாரம் செய்யப் பணம் வைத்திருந்தவரே பட்டியலில் மேலே வந்தார். 2011 ஒக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று, ஆளும் கூட்டணியின் இரு பிரிவினர் முல்லேரியாவில் மோதிக்கொண்டதில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பறிபோயின. விருப்பு வாக்கு வளர்த்த உட்கட்சிப் பகைக்கு நாடு கொடுத்த விலை எவ்வளவு என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. இன்னொரு குறையும் இருந்தது: வீதி விளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவது என்று குடிமக்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் உறுப்பினர் என்றால், யாரும் யாருக்கும் உறுப்பினர் இல்லை என்பதுதான் நடைமுறை. ஆகவே வட்டாரம் மீண்டும் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. 2012இன் 22ஆம் இலக்கச் சட்டம் 70க்கு 30 என்ற கலப்பைக் கொண்டுவந்தது. அந்த அளவில் தேர்தல் நடக்கும் முன்பே, 2017இன் 16ஆம் இலக்கத் திருத்தம் அதை 60க்கு 40 ஆக்கியது. 60 விழுக்காட்டு உறுப்பினர் வட்டாரங்களிலிருந்து, 40 விழுக்காட்டினர் பட்டியலிலிருந்து.

இந்தக் கணக்கு எப்படி வேலைசெய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் முறைப்பாட்டின் எடை தெரியும். 20 ஆசனம் கொண்ட ஒரு பிரதேச சபையைக் கற்பனை செய்வோம்: 12 வட்டாரங்கள், 8 பட்டியல் ஆசனங்கள், செல்லுபடியான வாக்குகள் 20,000. மொத்த வாக்கை மொத்த ஆசனத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 1,000 வாக்கு. முதற்கட்சி 8,000 வாக்குப் பெற்று 10 வட்டாரங்களை வெல்கிறது. இரண்டாம் கட்சி 6,000 வாக்குடன் மீதி 2 வட்டாரங்களை எடுக்கிறது. மூன்றாம் கட்சி 4,000, ஒரு சுயேச்சைக் குழு 2,000. இவர்களுக்கு வட்டாரமே இல்லை. வாக்கின்படி முதற்கட்சிக்கு உரியவை 8 ஆசனங்கள். அது ஏற்கெனவே 10 வென்றுவிட்டதால் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது, வென்றதில் எதுவும் பறிக்கப்படவும் மாட்டாது. இரண்டாம் கட்சிக்கு 4, மூன்றாம் கட்சிக்கு 4, சுயேச்சைக் குழுவுக்கு 2 எனப் பட்டியலிலிருந்து நிரப்பப்படும். உரிமைக்கு மேல் வென்ற 2 ஆசனங்களுக்காகச் சபை 22 பேராக வீங்குகிறது. முதற்கட்சியிடம் 10 பேர். ஆட்சியமைக்க 12 வேண்டும். 12 வட்டாரங்களில் 10ஐ வென்றவர்களுக்கு இது அநீதியாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அதே கணக்கை வாக்காளர் பக்கமிருந்து பாருங்கள். 20,000 பேரில் 12,000 பேர் அந்தக் கட்சியை வேண்டாம் என்றிருக்கிறார்கள். வட்டார முறை மட்டும் இருந்திருந்தால் அந்த 12,000 பேருக்கும் சேர்த்து இரண்டே உறுப்பினர்கள் இருந்திருப்பார்கள். 6,000 பேருக்கு ஒருவரும் இருந்திருக்க மாட்டார். சபையில் பெரும்பான்மை இல்லாமல் போனதற்குக் காரணம், ஊரில் பெரும்பான்மை இல்லாமல் இருந்ததே. இந்தக் கணக்கு ஊரின் நிலையை மறைக்காமல் சபைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். 2025இல் தேசிய மக்கள் சக்தி மிகப் பெரும்பாலான சபைகளில் முதலிடம் பெற்றது. நாடளாவிய அதன் வாக்கு 43 விழுக்காட்டளவில்தான் இருந்தது. 2018இல் பொதுஜன பெரமுன பெற்றதும் பாதிக்குக் குறைவான வாக்கே. இரு கட்சிகளும் முழு அதிகாரம் கேட்டன. வாக்காளர் அதைக் கொடுக்கவில்லை.

விகிதாசாரப் பங்கு வேறு எதைக் கொண்டுவந்தது என்பது இந்த விவாதத்தில் அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. 2018க்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 விழுக்காட்டளவிலேயே இருந்தார்கள். சட்டம் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த பின் நடந்த முதல் தேர்தலில் அது 20 விழுக்காட்டைத் தாண்டியது. இந்தப் பெண்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் வென்று வந்தவர்கள் அல்லர். பட்டியல் வழியாக வந்தவர்கள். வட்டார வேட்பாளர்களில் 10 விழுக்காட்டினர் பெண்களாக இருந்தால் போதும் என்றது சட்டம். மேலதிகப் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. பட்டியலை நீக்கினால் ஒதுக்கீடு நிற்க இடமில்லை. சிதறி வாழும் சமூகங்களின் நிலையும் இதுவே. யாழ்ப்பாணத்திலோ நுவரெலியாவின் தோட்டப் பகுதிகளிலோ செறிந்து வாழும் தமிழர் வட்டார முறையிலும் உறுப்பினரைப் பெற முடியும். மேல் மாகாணத்தில் நாலைந்து வட்டாரங்களில் சிறுசிறு தொகையாக வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது முடியாது. அவர்கள் எந்த வட்டாரத்திலும் மூன்றாமிடத்தில் நிற்பார்கள். சபை முழுவதும் அவர்களது வாக்கைக் கூட்டிப் பார்க்கும் முறை ஒன்றுதான் அவர்களுக்கு ஓர் ஆசனம் தரும். இரட்டை அங்கத்தவர் வட்டாரங்கள் இதற்குப் போதாதா என்று கேட்கப்படுவதுண்டு. எல்லை நிர்ணயம் செய்பவரின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கும் பாதுகாப்பு அது. வாக்குக் கணக்கில் தங்கியிருக்கும் பாதுகாப்புக்கு அது ஈடாகாது.

இனி, தடுமாற்றத்துக்கு வருவோம். யாழ்ப்பாண மாநகர சபையைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. 2018இல் 45 உறுப்பினரில் தமிழரசுக் கட்சிக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈபிடிபிக்கு 10. மீதி சிறு கட்சிகளுக்கு. 16 பேரை வைத்துக்கொண்டு முதல்வரான இம்மானுவேல் ஆர்னோல்ட் 2020 டிசெம்பரில் வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்பட்டதால் பதவியை இழந்தார். அதே மாத இறுதியில் வி. மணிவண்ணன் 21க்கு 20 என ஒரே வாக்கு வித்தியாசத்தில் முதல்வரானார். இரண்டு ஆண்டு கழித்து அவரும் வரவுசெலவுத் திட்ட நெருக்கடியில் பதவி விலகினார். 2025இலும் படம் மாறவில்லை: தமிழரசுக் கட்சிக்கு 13, தமிழ்க் காங்கிரஸ் அணிக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10. இந்தச் சபையில் குப்பை அகற்றலும் வடிகாலும் சந்தைக் குத்தகையும் கட்சிச் சண்டைக்குப் பணயமாகின என்று சொல்பவர்களோடு நான் முரண்படவில்லை. ஆனால் நடந்ததை உற்றுப் பார்த்தால், தோற்கடிக்கப்பட்டது வரவுசெலவுத் திட்டத்தில் இருந்த வடிகாலோ வீதியோ அல்ல என்பது தெரியும். வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றால் முதல்வர் பதவி போகும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே முதல்வரை அகற்ற நினைப்பவர்கள் வரவுசெலவுத் திட்டத்தைத் தோற்கடிக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் அரசாங்கத்தை வீழ்த்தும் கருவியை, தெருவிளக்கையும் நூலகத்தையும் பராமரிக்கும் சபைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை உறுப்பினர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று வருந்துவதில் பொருளில்லை. அந்தக் கருவி இருக்கும்வரை எந்தச் சிறுபான்மை நிர்வாகமும் ஒவ்வொரு டிசெம்பரிலும் தன் உயிருக்காகப் பேரம் பேசியாக வேண்டும்.

விகிதாசாரத்தோடு ஒழுங்காக இயங்கும் உள்ளூராட்சிகள் உலகில் ஏராளம். ஸ்கொட்லாந்து இதற்குப் பயனுள்ள சான்று. அங்கே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட முடியும். 2003 வரை அங்கே ஒரு வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். அந்த ஆண்டு கிளாஸ்கோ மாநகர சபையில் தொழிற்கட்சி பாதிக்குக் குறைவான வாக்குடன் 79 ஆசனங்களில் 71ஐ வென்றது. ஸ்கொட்லாந்து முழுவதும் 1,222 வட்டாரங்களில் 61இல் போட்டியே இல்லை. வெல்ல வழியில்லாத இடத்தில் யாரும் நிற்கவில்லை. 2004இன் சட்டம் மூன்று அல்லது நான்கு உறுப்பினர் கொண்ட வட்டாரங்களை அமைத்து, வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 2007 தேர்தலில் போட்டியில்லாத வட்டாரம் ஒன்றுகூட இல்லை. கிளாஸ்கோவில் தொழிற்கட்சி 45 ஆசனத்துக்கு இறங்கியது. 32 சபைகளில் பெரும்பாலானவற்றில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. கூட்டு நிர்வாகமும் சிறுபான்மை நிர்வாகமும் வழமையாயின. சபைகள் இடிந்து விழவில்லை. இந்த முறையிலும் குறை உண்டு: வாக்குச்சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால், ஒரே கட்சி இருவரை நிறுத்தினால் முன்னால் வரும் பெயருக்கு முதல் விருப்பு அதிகம் விழுகிறது. அது திருத்தக்கூடிய குறை. வட்டார உறவும் விகிதாசாரமும் ஒன்றையொன்று கொல்லும் என்ற அச்சத்துக்கு மட்டும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

நோர்வே இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. அங்கே பெரும்பாலான நகராட்சிகளில் சபையிலிருந்து ஒரு நிர்வாகக் குழு விகிதாசாரமாகவே தெரிவாகிறது. வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பது அந்தக் குழு. எதிர்க்கட்சியினரும் அதே மேசையில் அமர்ந்திருப்பதால், தோற்கடித்து வீழ்த்த வேண்டிய அரசாங்கம் என்று ஒன்று அங்கே இல்லை. இது நமக்கு அந்நியமான யோசனையா? 1931 முதல் 1947 வரை டொனமூர் யாப்பின் கீழ் இந்தத் தீவின் அரசாங்கமே ஏழு நிர்வாகக் குழுக்களால் நடந்தது. அரசுப் பேரவையின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குழுவில் இருந்தார். குழுவின் தலைவரே அமைச்சர். லண்டன் கவுண்டி சபையின் குழு நிர்வாகம், அந்த யாப்பைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழுவின் கண்முன் இருந்த மாதிரிகளில் ஒன்று. ஓர் உள்ளூராட்சி ஏற்பாட்டை நாட்டுக்குப் பொருத்திப் பார்த்தோம். பிறகு நாட்டிலிருந்தும் அது போனது, உள்ளூராட்சிக்கும் வந்து சேரவில்லை. இன்றும் பிரதேச சபைச் சட்டத்தில் நிதி மற்றும் கொள்கை, வீடமைப்பு மற்றும் சமூக அபிவிருத்தி, தொழில்நுட்பச் சேவைகள், சூழல் மற்றும் வசதிகள் என நான்கு குழுக்கள் இருக்கின்றன. அவை ஆலோசனை சொல்லலாம். தீர்மானிப்பது தவிசாளரும் சபையும். அந்தக் குழுக்களுக்கு நிறைவேற்று அதிகாரம் கொடுத்து, அவற்றின் தலைமையையும் உறுப்புரிமையையும் கட்சிகளின் ஆசன விகிதப்படி பங்கிட்டால், தவிசாளர் பதவிக்காக நடக்கும் பேரத்தின் பெறுமதி பாதியாகக் குறைந்துவிடும்.

டொனமூரைத் தமிழ் வாசகரிடம் உதாரணம் காட்டும்போது 1936ஐ மறைக்க முடியாது. அந்த ஆண்டு குழுக்களின் தலைமைகளைப் பேரவையின் பெரும்பான்மையினர் தமக்குள் வகுத்து எடுத்துக்கொண்டதில் அமைச்சர் எழுவரும் சிங்களவராயினர். குழு முறையே சிறுபான்மையைக் காக்கும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. நான் அதை என் வாதத்துக்கு எதிரான சான்றாகக் கருதவில்லை. அதன் மையமான சான்றாகவே கருதுகிறேன். 1936இல் குழு அங்கத்துவமும் தலைமையும் பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் தமக்கு ஒரு வாக்கு அதிகம் இருக்கும்படி ஆட்களை அனுப்பத் தெரிந்தவர்கள் ஏழையும் எடுத்தார்கள். விகிதாசாரப் பங்கீடு சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் அது நடந்திருக்க இயலாது. அதிகாரப் பங்கீட்டைப் பெரும்பான்மையின் பெருந்தன்மைக்கு விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமது வரலாற்றில் இல்லை.

பட்டியல் பற்றிய முறைப்பாட்டில் எனக்கு மறுப்பே இல்லை. அது இன்னும் உரத்து ஒலிக்க வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இல்லை. கட்சிகளின், சுயேச்சைக் குழுக்களின் பெயரும் சின்னமும் மட்டுமே. வாக்காளர் இடுவது ஒரே ஒரு புள்ளடி. அந்த ஒரு புள்ளடி வட்டார உறுப்பினரையும் தீர்மானிக்கிறது, சபையில் கட்சியின் பங்கையும் தீர்மானிக்கிறது. தெருவில் உழைக்கும் மாற்றுக்கட்சி வேட்பாளரை வட்டாரத்துக்கும், தன் கட்சியைச் சபைக்கும் தெரிவுசெய்ய வாக்காளருக்கு வழியில்லை. ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் பொதுத் தேர்தலில் இதற்காகவே இரண்டு வாக்குகள் தரப்படுகின்றன. இங்கேயோ, வாக்குகளை எண்ணி முடிந்ததும் பட்டியல் ஆசனங்கள் யாருக்கு என்பதைக் கட்சிச் செயலாளர் முடிவுசெய்கிறார். பட்டியல் வரிசை அவரைக் கட்டுப்படுத்தாது. வட்டாரத்தில் தோற்றவரையும் நியமிக்கலாம். ஊர் மக்கள் நேற்று நிராகரித்தவர் இன்று சபையில் வந்து அமரும்போது, விகிதாசாரமே ஒரு மோசடி என்று அவர்கள் நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. மாற்று வழி கடினமானதல்ல. பட்டியல் வரிசை வேட்புமனுவிலேயே உறுதியாக வேண்டும். அல்லது வட்டாரங்களில் தோற்றாலும் தம் கட்சிக்குள் அதிக வாக்கு விழுக்காடு பெற்றவர்களே வரிசைப்படி வர வேண்டும். இரண்டாவது வழி எனக்கு மேலானதாகப் படுகிறது. வெல்ல முடியாத வட்டாரத்திலும் உழைப்பதற்கு அது காரணம் கொடுக்கும். பெண்களுக்கான ஒதுக்கீட்டை அதே வரிசைக்குள் பேண முடியும்.

இதோடு சேர்ந்ததுதான் இரகசிய வாக்கெடுப்பு. எந்தக் கட்சிக்கும் 50 விழுக்காட்டுக்கு மேல் இல்லாத சபையில், முதல் அமர்வில் முதல்வரைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதையே உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 2025 ஜூன் 16இல் கொழும்பு மாநகர சபையில் நடந்தது இரகசிய வாக்கெடுப்பு. 117 உறுப்பினர் சபையில் 48 ஆசனம் வென்றிருந்த தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளருக்கு 61 வாக்கு. எதிரணிப் பொது வேட்பாளருக்கு 54. அந்த மேலதிக வாக்குகள் யாருடையவை என்பது வாக்காளருக்குத் தெரியாது. பகிரங்க வாக்கெடுப்பு உறுப்பினரைக் கட்சிச் செயலாளரின் பிடியில் மாட்டிவிடும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. கட்சி நீக்கினால் ஆசனம் போகும் நிலையில் மனச்சாட்சிப்படி வாக்களிப்பது எளிதல்ல. ஆனாலும் குடிமகன் தன் வாக்கை இரகசியமாக இடுவது அவனைப் பாதுகாக்க. அவனுடைய பிரதிநிதி தன் வாக்கை மறைப்பது அவனிடமிருந்து தப்பிக்க. வட்டார முறையின் பெருமையாகச் சொல்லப்படும் பொறுப்புக்கூறல், நான்காண்டுப் பதவிக்காலத்தின் மிக முக்கியமான வாக்கெடுப்பில் கதவை மூடிக்கொள்ளுமானால் அதற்கு மதிப்பில்லை.

உறுப்பினர் தொகை பெருகிவிட்டது என்ற வாதம் மிச்சமிருக்கிறது. 4,500க்கும் குறைவாக இருந்த தொகை 8,000ஐத் தாண்டியது உண்மை. பொருளாதார நெருக்கடியில் தவிக்கும் நாட்டுக்கு அது சுமை. இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் விகிதாசாரம் அல்ல. வட்டாரங்களை அளவுக்கு மேல் வகுத்துவிட்டு, அவற்றை 60 விழுக்காடாகக் கொண்டு மேலே 40 விழுக்காட்டைக் கட்டியதே காரணம். வட்டாரங்களை இணைத்துக் குறைத்தால் பட்டியலும் தானாகக் குறையும். 2022இல் மகிந்த தேசப்பிரிய தலைமையில் நியமிக்கப்பட்ட எல்லை நிர்ணயக் குழுவின் வேலையும் வட்டாரங்களைக் குறைப்பதாகவே இருந்தது. சபை வீங்குவதைத் தடுக்கவும் பட்டியல் பங்கைக் கூட்டுவதே வழி; வட்டாரப் பங்கு எவ்வளவுக்குப் பெரிதோ அவ்வளவுக்கு ஒரு கட்சி தன் உரிமைக்கு மேல் வெல்லும் வாய்ப்பும் பெரிது. விகிதாசாரத்தைக் குறைத்துக்கொண்டே வீக்கத்தையும் குறைக்கலாம் என்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

திருத்தம் எதுவானாலும் அது தேர்தலைத் தள்ளிப்போடும் சாக்காகக் கூடாது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டமும் இதேபோலக் கலப்பு முறைக்கு மாற்றப்பட்டது. எல்லை நிர்ணயம் முடிவடையாமல் அந்தத் தேர்தல்கள் கிடப்பில் போயின. கடைசியாக ஒரு மாகாண சபைக்கு வாக்களிப்பு நடந்தது 2014இல், ஊவாவில். 2023 மார்ச்சில் நடக்கவேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டு, அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே நடந்தது. அந்த இரண்டாண்டும் சபைகளை நடத்தியவர்கள் அதிகாரிகள். எனவே தமிழ், முஸ்லிம், மலையகக் கட்சிகளும் மகளிர் அமைப்புகளும் இப்போதே கேட்க வேண்டியவை இவை: 40 விழுக்காட்டைக் குறைக்காதீர்கள், பட்டியல் வரிசையை வாக்காளரிடம் கொடுங்கள், வரவுசெலவுத் திட்டத்தைத் தவிசாளர் பதவியிலிருந்து பிரியுங்கள், குழுக்களுக்கு அதிகாரம் கொடுத்து அவற்றை விகிதாசாரமாகப் பங்கிடுங்கள், இவற்றை அடுத்த தேர்தலுக்கு ஓராண்டு முன்பே சட்டமாக்குங்கள், ஆகாவிட்டால் இருக்கும் சட்டத்தின் கீழேயே தேர்தலை நடத்துங்கள்.